வயிற்றில் போடும் ஊசி வந்த வழி

"உடைஞ்சது காலு. ஊசிய எதுக்கு வயித்துல போடுறாங்க?"

எலும்பு முறிவு வார்டுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்கள் கேட்கிற கேள்வி இது. "ரத்தம் கட்டாம இருக்கம்மா" என்பதோடு பதில் முடிந்துவிடும். சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போயாக வேண்டும். பதிலில் பிழை இல்லை. ஆனால் அந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் நூறு ஆண்டுகளைத் தாண்டிய பயணம் இருக்கிறது. நாயின் ஈரல், மாட்டின் நுரையீரல், பன்றியின் குடல். பால்டிமோர், டொரண்டோ, ஸ்டாக்ஹோம், லண்டன், சீனா, ஹைதராபாத். இத்தனையும் கடந்துதான் அந்த மருந்து தொப்புளுக்குப் பக்கத்தில், விரலால் பிடித்துத் தூக்கிய ஒரு மடிப்புத் தோலுக்குள் இறங்குகிறது. அதன் பெயர் ஹெப்பாரின். அதிலிருந்து பிறந்த இன்னொன்று எனாக்ஸாபரின்.

பெரம்பலூரும் அரியலூரும் இந்த ஊசிக்கு ஓயாமல் வேலை வைக்கும் மாவட்டங்கள். சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை பெரம்பலூர் மாவட்டத்தின் குறுக்கே ஓடுகிறது. அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல் இன்று லாரி லாரியாகச் சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. சாலையில் வண்டி சறுக்கினால் தொடை எலும்பு முறிகிறது. வீட்டில் பாட்டி கால் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு. பிளேட், ஆணி வைத்து ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. ஆபத்து அதற்குப் பிறகும் இருக்கிறது.

நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் காலில் இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. படுத்தே கிடந்தால் அந்த வேலை நடப்பதில்லை. ஆழத்தில் உள்ள சிரைகளில் ரத்தம் தேங்குகிறது. ஆபரேஷனோ எலும்பு முறிவோ நடந்த உடம்பில், காயத்தை அடைக்க வேண்டும் என்பதற்காக ரத்தம் வழக்கத்தைவிட வேகமாக உறையும் நிலையில் இருக்கும். ரத்தக் குழாயின் உள்சுவரும் அடிபட்டிருக்கலாம். தேக்கம், உறையும் வேகம், குழாய்ச் சுவரின் காயம் என்ற இந்த மூன்றையும் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் சொல்லித்தருகிறார்கள். காலில் உருவாகும் ரத்தக் கட்டி பிய்த்துக்கொண்டு, இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைக்கிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே அவர் நிறுவிவிட்டார்.

"ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. எழுந்து பாத்ரூம் போனாரு, அப்படியே சாஞ்சுட்டாரு. ஹார்ட் அட்டாக்" என்று ஊரில் சொல்லக் கேட்டிருப்போம். அவற்றில் எத்தனை மாரடைப்பு, எத்தனை நுரையீரல் அடைப்பு என்பது பிரேதப் பரிசோதனை இல்லாமல் தெரியாது. நம் ஊரில் அப்படிப்பட்ட சாவுகளுக்குப் பெரும்பாலும் அது நடப்பதில்லை. கணக்கில் வராத காரணத்தாலேயே இந்த நோய் இவ்வளவு காலம் நம் கண்ணில் படாமல் இருந்தது.

மருந்தின் கதை 1916-இல், அமெரிக்காவின் பால்டிமோரில் தொடங்குகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜே மெக்லீன் என்ற மாணவர், வில்லியம் ஹோவெல் என்ற உடலியங்கியல் பேராசிரியரிடம் வேலை பார்த்தார். அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை, ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடுவது. விலங்குகளின் இதயத்திலிருந்தும் ஈரலிலிருந்தும் பிரித்தெடுத்த பொருள்களைச் சோதித்தபோது, சில நேர் எதிராக நடந்துகொண்டன. ரத்தம் உறையாமல் நின்றது. தேடியதற்கு மாறாக வந்த முடிவை ஒதுக்கித் தள்ளாமல் எழுதி வெளியிட்டார் அந்த மாணவர். 1918-இல் ஹோவெலும் எம்மெட் ஹோல்ட்டும் நாயின் ஈரலிலிருந்து எடுத்த பொருளுக்கு ஹெப்பாரின் என்று பெயர் வைத்தார்கள். அதன் வீரியத்தை அளக்க ஹோவெல் வகுத்த முறையையும் சொல்ல வேண்டும்: பூனையின் ரத்தம் ஒரு மில்லிலிட்டரை, குளிரில், 24 மணி நேரம் உறையாமல் வைத்திருக்கும் அளவு ஒரு யூனிட். இன்றைய அளவீடு மாறிவிட்டது. ஆனால் மருந்துச் சீட்டில் "5000 யூனிட்" என்று எழுதும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

அந்த முதல் ஹெப்பாரினில் அழுக்கு மிகுதி. மனிதருக்குச் செலுத்தினால் தலைவலி, குளிர் காய்ச்சல். ஆகவே ஆய்வகத்தைத் தாண்ட அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அடுத்த அடியை எடுத்து வைத்தது கனடாவின் டொரண்டோ. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான சார்லஸ் பெஸ்ட், 1930-களில் கன்னாட் ஆய்வகத்தில் ஹெப்பாரினைச் சுத்தப்படுத்தும் வேலையைக் கையில் எடுத்தார். முதலில் மாட்டு ஈரல். பிறகு ஈரலைவிட மலிவான மாட்டு நுரையீரல். அதே ஆண்டுகளில் ஸ்டாக்ஹோமில் எரிக் யோர்ப்பஸ் இதன் வேதியியலை ஆராய்ந்தார். டொரண்டோவில் கார்டன் முர்ரேயும், சுவீடனில் கிளாரன்ஸ் கிராஃபூர்டும் அறுவை நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 1937-இல் எழுதினார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கட்டி உருவாகாமல் தடுக்க முடியும் என்ற எண்ணத்துக்கு அப்போதே உயிர் வந்துவிட்டது.

ஆனால் எந்த அறுவை மருத்துவரும் தயங்கவே செய்வார். அப்போதுதான் வயிற்றைத் தைத்து மூடியிருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போட்டால் உள்ளே கசியாதா? சிரை வழியாக முழு அளவில் கொடுத்த காலத்தில் அந்தப் பயம் நியாயமானது. பயத்துக்கு விடை சொன்னவர்களில் முதன்மையானவர் இந்திய வம்சாவளியினரான விஜய் கக்கர். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தவர். கதிரியக்க அயோடின் ஒட்டிய ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதத்தை நோயாளிக்குச் செலுத்தி, வெளியே கருவியை வைத்துக் காலில் எங்கே கட்டி உருவாகிறது என்று நாள்தோறும் பார்த்தார். 1969-இல் வெளியான அந்த முடிவு திடுக்கிட வைப்பது: பெரிய ஆபரேஷன் நடந்தவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேரின் காலில் கட்டி. பலருக்கு எந்த அறிகுறியும் இல்லை.

உறைந்து முடிந்த கட்டியை எதிர்க்கப் பெரிய அளவு மருந்து வேண்டும். உறைதல் தொடங்கும் முன்பே தடுக்கச் சிறிய அளவு போதும். 1962-லேயே அமெரிக்க நோய்க்குறியியலாளர் ஷார்னாஃப் இந்த வழியில் யோசித்திருந்தார். கக்கர் அதைப் பல நாடுகளில் ஒரே நேரத்தில் சோதித்துக் காட்டினார். நாற்பது வயதைக் கடந்த 4,121 அறுவை நோயாளிகள். பாதிப் பேருக்கு ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு 5000 யூனிட், தோலுக்கு அடியில். பிறகு எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஏழு நாள். மறுபாதிக்கு இல்லை. 1975 ஜூலையில் லான்செட் இதழில் முடிவு வந்தது. பிரேதப் பரிசோதனையில் உறுதியான நுரையீரல் அடைப்புச் சாவுகள், ஊசி போடாதவர்களில் 16, போட்டவர்களில் 2. நாம் இன்று வார்டில் காணும் "வயித்து ஊசி" அந்தச் சோதனையின் நேர் வாரிசு. 1988-இல் எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகளை, ஏறத்தாழ 16,000 நோயாளிகளின் கணக்கை ஒன்றுசேர்த்து இதை மறுபடி உறுதிசெய்த குழுவில் கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் இருந்தார். கால் சிரைக் கட்டி மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது, நுரையீரல் அடைப்பு ஏறத்தாழப் பாதியானது என்பது அவர்கள் கண்ட முடிவு. கக்கர், யூசுஃப் என்ற இந்த இரண்டு பெயர்களையும் நம் மருத்துவ மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஏன் வயிறு? அங்கே தோலுக்கு அடியில் கொழுப்பு இருக்கிறது; மருந்து மெல்ல மெல்ல ரத்தத்தில் சேரும். ஹெப்பாரின் தானாகச் சண்டை போடுவதில்லை. நம் ரத்தத்திலேயே ஆன்டித்ரோம்பின் என்ற புரதம் உண்டு. உறைதலை அடக்குவது அதன் வேலை. ஹெப்பாரின் அதைப் பற்றிக்கொண்டால் அந்த வேலை ஆயிரம் மடங்கு வேகமாகிறது. கட்டியைக் கரைக்கும் மருந்து என்று பலர் நினைப்பது தவறு. புதுக் கட்டி உருவாகாமலும், இருப்பது வளராமலும் தடுக்கிறது; அவ்வளவுதான். 1980-களில், ஹெப்பாரினின் நீண்ட மூலக்கூறைத் துண்டாக்கிச் செய்த சிறிய வகைகள் வந்தன. எனாக்ஸாபரின் அதில் ஒன்று; தடுப்புக்கு வழக்கமாக நாளைக்கு ஒரே ஊசி, 40 மில்லிகிராம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உடம்பில் தங்கிவிடும் என்பதால் பழைய ஹெப்பாரின் குப்பி இன்னும் ஓய்வு பெறவில்லை. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தால் இரண்டுமே நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. கர்ப்ப காலத்தில் ஆபத்து மிகுந்தவர்களுக்கு இதைத் துணிந்து கொடுப்பது அதனால்தான்.

இந்தக் குப்பிக்குள் இருப்பது எங்கிருந்து வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று உலகின் ஹெப்பாரினில் மிகப் பெரும் பங்கு பன்றியின் சிறுகுடலிலிருந்து வருகிறது. அறுப்புக் கூடத்தில் குடலின் உட்சவ்வைச் சுரண்டி எடுத்து, நொதி விட்டுச் செரிக்கவைத்து, ரெசினில் பிடித்து, உப்பு நீரில் கழுவி எடுத்து, ஆல்கஹாலில் படியவைத்து, பல முறை சுத்தம் செய்தால் வெள்ளைத் தூள் கிடைக்கும். ஒரு கிலோவுக்கு ஆயிரக்கணக்கான பன்றிகள் தேவை. உலகப் பன்றிகளில் ஏறத்தாழப் பாதி சீனாவில் இருப்பதால் கச்சா ஹெப்பாரினிலும் அந்த நாட்டின் பங்கே பெரிது. இந்தியாவில் இந்த மருந்துக்கு ஊர் என்று சொன்னால் ஹைதராபாத். 1953-இல் தொடங்கிய பயலாஜிகல் இ, 1978-இல் தொடங்கிய கிளாண்ட் பார்மா இரண்டும் ஹெப்பாரினோடு நெருங்கிய வரலாறு கொண்டவை.

நீண்ட சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கடைசியில் இருப்பவருக்கு வலிக்கும். 2008-இல் சீனாவிலிருந்து போன கச்சா ஹெப்பாரினில், காண்ட்ராய்டின் சல்ஃபேட் என்ற மலிவான பொருளை வேதிமாற்றம் செய்து கலந்திருந்தது தெரியவந்தது. அப்போதைய வழக்கமான சோதனைகளில் அது ஹெப்பாரின் போலவே காட்டியது. அமெரிக்காவில் நோயாளிகளுக்கு ரத்த அழுத்தம் சரிந்து, பலர் இறந்தார்கள். அதன்பின் உலகெங்கும் சோதனை முறைகள் கடுமையாயின. பிறகு 2018-இல் சீனப் பன்றிகளை ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. கச்சாப் பொருளின் விலை ஏறியது. 2020-இல் கொரோனா நோயாளிகளுக்கும் ஹெப்பாரின் தேவைப்பட்ட நேரத்தில், மருந்து கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதன் உச்ச விலையை 50 சதவீதம் உயர்த்த அனுமதித்தது. சீனப் பண்ணை ஒன்றில் பன்றி சாவதற்கும் ஜெயங்கொண்டத்தில் ஒருவர் மருந்துக் கடையில் கொடுக்கும் பணத்துக்கும் தொடர்பு உண்டு.

பெரம்பலூர் மாவட்டத்தில் லப்பைக்குடிக்காடு போன்ற, முஸ்லிம் மக்கள் மிகுதியாக வாழும் ஊர்கள் இருக்கின்றன. சைவ உணவுக்காரக் குடும்பங்களும் உண்டு. பன்றியிலிருந்து வந்த மருந்து என்பதை நோயாளிக்குச் சொல்வது மருத்துவரின் கடமை என்றே நான் கருதுகிறேன். சொன்னால் மறுத்துவிடுவார்களே என்ற பயம் மக்களைக் குறைத்து மதிப்பிடுவது. உயிர் காக்க வேறு வழி இல்லாதபோது இத்தகைய மருந்துக்கு அனுமதி உண்டு என்று இஸ்லாமிய அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். மாற்று மருந்தும் உண்டு: ஃபாண்டாபரினக்ஸ் ஊசி முழுக்க வேதிமுறையில் செய்யப்படுவது. இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு மாற்றியவர்களுக்கு அபிக்ஸாபன், ரிவரோக்ஸாபன் மாத்திரைகளும் இருக்கின்றன. கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம்.

தமிழ்நாட்டுக்குள் வந்த பிறகு மருந்தின் வழி ஓரளவு சீரானது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதுக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பி, தேறியதை மட்டுமே கிடங்குகளிலிருந்து வெளியே விடுகிறது. மற்ற மாநிலங்கள் பார்த்துப் படித்த முறை இது. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிறுவாச்சூரில் தனலட்சுமி சீனிவாசன் மருத்துவக் கல்லூரி. கடும் காயம் என்றால் திருச்சிக்கு ஓடுவது ஒன்றே வழி என்றிருந்த நிலை மாறி வருகிறது.

ஆயினும் பால்டிமோரிலிருந்து வார்டு வரை வந்த மருந்து, மருந்துத் தட்டிலிருந்து நோயாளியின் உடம்புக்கு வரும் அந்தச் சில அடிகளில்தான் நம்மிடம் அதிகம் தடுமாறியிருக்கிறது. "நம்ம ஆளுங்களுக்கு அவ்வளவா ரத்தம் கட்டாது, அது வெள்ளைக்காரன் வியாதி" என்று மருத்துவர்களிடையே நெடுங்காலம் ஒரு நம்பிக்கை இருந்தது. 2005-இல் ஆசிய நாடுகளின் 19 மருத்துவமனைகளில், தடுப்பு மருந்து இல்லாமல் இடுப்பு, முழங்கால் அறுவை செய்துகொண்டவர்களைப் பரிசோதித்தபோது 41 சதவீதம் பேருக்குக் காலில் கட்டி இருந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1996 முதல் 2005 வரையிலான தங்கள் பதிவேடுகளைப் புரட்டியபோது, அங்கே அனுமதிக்கப்பட்ட பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ 17 பேருக்கு இந்த நோய் உறுதியாகியிருந்தது. அரிய நோய் என்று இனி யாரும் சொல்ல முடியாது. பிறகு 32 நாடுகளில் 68,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த எண்டோர்ஸ் ஆய்வு 2008-இல் வந்தது. ஆபத்தில் இருந்த அறுவை நோயாளிகளில் உலக அளவில் 58 சதவீதம் பேருக்குச் சரியான தடுப்பு கிடைத்தது. இந்திய மருத்துவமனைகளில் அது ஐந்தில் ஒருவருக்குக்கூட இல்லை.

அதற்குப் பிறகு நிலைமை முன்னேறியிருக்கிறது. வயது, எடை, புற்றுநோய், முன்பு கட்டி வந்த வரலாறு என மதிப்பெண் போட்டு ஆபத்தைக் கணிக்கும் காப்ரினி அட்டவணையைப் பயன்படுத்துகிறார்கள். எல்லாருக்கும் ஊசி தேவையில்லை என்பதையும் அதுதான் சொல்லும். சின்ன ஆபரேஷன், இளம் வயது, அன்றே நடக்கிறார் என்றால் நடையே போதும். ரத்தக் கசிவு இருப்பவருக்கு ஊசி கூடாது. அவருக்குக் கால்களை அழுத்தும் சாதனங்கள் உண்டு. முதுகில் மயக்க ஊசி போடுவதற்கு 12 மணி நேரம் முன்பே எனாக்ஸாபரினை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் தண்டுவடத்தருகே ரத்தம் தேங்கக்கூடும். இந்த ஊசியால் ரத்தத் தட்டணுக்கள் குறைகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இதெல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு.

வீட்டின் பொறுப்பும் இருக்கிறது. "அசையாத, தையல் பிரிஞ்சிடும்" என்று பாசத்தால் கட்டிலோடு கிடத்துகிறோம். எலும்பு முறிந்தவரை நாட்டுக் கட்டு போட்டு வாரக்கணக்கில் திண்ணையில் படுக்கவைக்கிறோம். தண்ணீர் குறைத்தால் பாத்ரூம் தொல்லை குறையும் என்று பாட்டிகள் தாமே தாகத்தை அடக்குகிறார்கள். மூன்றும் ரத்தம் உறைய வழி செய்பவை. மருத்துவர் அனுமதித்த நேரத்திலேயே எழுப்பி உட்காரவைப்பதும், படுக்கையிலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்வதும் காசு செலவில்லாத மருந்து.

பலரும் அறியாத செய்தி இன்னொன்று. பிரிட்டனில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வின்படி, ஆபரேஷனுக்குப் பிறகு கட்டியின் ஆபத்து உச்சத்துக்குப் போவது மூன்றாவது வாரத்தில். பன்னிரண்டு வாரம் வரை அது அடங்குவதில்லை. நம் நோயாளி அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகி வேப்பந்தட்டைக்கோ செந்துறைக்கோ போய்ச் சேர்ந்திருப்பார். இடுப்பு எலும்பு அறுவைக்கு 35 நாள் வரையும், வயிற்றுப் புற்றுநோய் அறுவைக்கு நான்கு வாரமும் தடுப்பு மருந்து தொடர வேண்டும் என்று வழிகாட்டல்கள் சொல்கின்றன. ஊசி போட ஆள் இல்லை, தினமும் பஸ் ஏறி வர முடியவில்லை என்பதால் வீடு போனதும் நின்றுவிடுகிறது. 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வீடு திரும்பிய அறுவை நோயாளிகளுக்கான இந்த ஊசியையும் அந்தப் பைக்குள் சேர்க்க வேண்டும். கிராமச் செவிலியர் ஒருவர் சில நிமிடத்தில் முடித்துவிடும் வேலை இது.

அதுவரை, உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் மருத்துவரிடம் கேளுங்கள்: இவருக்கு ரத்தக் கட்டி வரும் ஆபத்து எவ்வளவு, ஊசி வேண்டுமா, எத்தனை நாள், வீட்டுக்குப் போன பிறகு யார் போடுவது? டிஸ்சார்ஜ் சீட்டில் அதை எழுதி வாங்குங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், நீலமாகக் கன்றும். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்காலில் வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆபரேஷன் நடந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை வண்டியில் ஏறியதும் முதல் செய்தியாகச் சொல்லுங்கள்.